அறுபதாயிரம் ரூபாய்க்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எந்த மதர்போர்டு வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: "60,000 ரூபாய்க்குள் கேமிங் பிசி போடுகிறேன், எந்த மதர்போர்டு நல்லது? பின்னால் அப்கிரேடு செய்ய வசதியாக இருக்க வேண்டும்." கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலையும் சேர்த்திருக்கிறீர்கள். வைஃபை உள்ள பெரிய பி760 மதர்போர்டு, ஐ5-12400எஃப் பிராசசர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, நான்கு ஆர்ஜிபி ஃபேன் வைத்த கண்ணாடி கேபினெட், கடைசியாகக் கம்பெனி பெயர்கூட இல்லாமல் "450 வாட் எஸ்எம்பிஎஸ்", அதாவது எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, 1080பி, 75 ஹெர்ட்ஸ். தினமும் வாலரண்ட், அவ்வப்போது ஜிடிஏ 5, ஒருநாள் சைபர்பங்க் 2077 ஆட ஆசை. வீட்டில் ஒருமுறைதான் பணம் தருவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பணத்தை எங்கே போட்டால் நான்கைந்து வருடம் கழித்தும் நெஞ்சு வலிக்காது என்றுதான் கேட்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் 14 வருடமாக என் வேலை. நான் விற்பனையாளன் இல்லை, பெட்டி கெட்டுப்போன பிறகுதான் என்னிடம் வரும். அதனால் எது எப்படிக் கெடுகிறது, எதை மக்கள் உண்மையிலேயே மாற்றுகிறார்கள் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பட்டியலில் மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் போகிற பணம் அதிகம். அதில் ஒரு பகுதியை எடுத்துக் கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் மாற்றுங்கள்.

மதர்போர்டு விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது. ஒரே பிராசசர், ஒரே ரேம், ஒரே கிராஃபிக்ஸ் கார்டை விலை குறைந்த போர்டிலும் மூன்று மடங்கு விலையுள்ள போர்டிலும் போட்டுப் பார்த்தால், இரண்டும் சரியாக வேலை செய்யும் நிலையில், திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பிராசசரைப் போடலாம், எந்த வகை ரேம் ஏறும், எத்தனை எஸ்எஸ்டி வைக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு அகலமான பாதை கிடைக்கும், பிராசசருக்குத் தேவையான மின்சாரத்தைச் சூடாகாமல் கொடுக்க முடியுமா என்பவற்றை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. இந்த ஐந்துக்கும் உங்கள் தேவைக்கேற்ற பதில் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுக்கும் காசு வைஃபைக்கும், பின்பக்க யுஎஸ்பி துளைகளின் எண்ணிக்கைக்கும், விளக்குக்கும், பார்வைக்கும் போகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. 60,000 ரூபாயில் அவற்றுக்கு இடம் இல்லை.

அப்கிரேடு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். என்னிடம் "அப்கிரேடு" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரேம் கூட்டுகிறார்கள், இன்னொரு எஸ்எஸ்டி போடுகிறார்கள், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுகிறார்கள். போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. பிராசசர் பழசாகும்போது போர்டும் ரேமும் சேர்ந்தே பழசாகியிருக்கும், மூன்றையும் ஒன்றாக மாற்றுவார்கள். அப்படியென்றால் உங்கள் அப்கிரேடு வசதியைத் தீர்மானிப்பது சிப்செட்டின் (போர்டின் முக்கிய சிப், பி760 என்பது அப்படி ஒன்று) பெயர் இல்லை. எஸ்எம்பிஎஸ் அடுத்த கார்டைத் தாங்குமா, கேபினெட்டில் அந்தக் கார்டின் நீளம் அடங்குமா, ரேம் ஸ்லாட் காலியாக இருக்குமா, எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. கடைப் பட்டியலில் விலை குறைத்துப் போட்டிருப்பதும் சரியாக இந்த இடங்களில்தான்.

சரி, இப்போது தேர்வு. உங்கள் தொகையில் மூன்று வழிகள் இருக்கின்றன: ஏஎம்டியின் ஏஎம்4, இன்டெலின் எல்ஜிஏ1700, ஏஎம்டியின் ஏஎம்5. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்தான் இவை. பிராசசர் எந்தச் சாக்கெட்டோ போர்டும் அதே சாக்கெட் என்பதில் சமரசமே கிடையாது.

ஏஎம்4 பழைய சாக்கெட். ரைசன் பிராசசர்கள் 2017-இல் அதில்தான் அறிமுகமாயின. டிடிஆர்4 ரேம் மட்டுமே போடும். இனி பெரிய முன்னேற்றம் எதுவும் அதில் வரப்போவதில்லை, இதில் சந்தேகமில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 இன்றும் 1080பி விளையாட்டுக்கு நல்ல பிராசசர். 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), 65 வாட். பெட்டியிலேயே கூலர் வந்துவிடும். அதே மாதம் வந்த 5500 பெயரில் நெருக்கமாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். அதில் கேஷ் பாதிதான், கிராஃபிக்ஸ் கார்டு பேசுவதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையும் ஒரு தலைமுறை பழையது (4.0-க்குப் பதில் 3.0). விலை வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் இருந்தால் யோசிக்காமல் 5600 எடுங்கள். போர்டில் ஏ520 போதுமா, பி550 வேண்டுமா என்றால், ஏ520 பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-ஓடு நின்றுவிடும். பி550 கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும் 4.0 கொடுக்கும். இது வெறும் காகித வித்தியாசம் இல்லை, ஏன் என்று கார்டு பற்றிச் சொல்லும்போது விளங்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில், நான்கு ரேம் ஸ்லாட்டும் இரண்டு எம்.2 ஸ்லாட்டும் உள்ள சாதாரண பி550எம் போர்டு உங்களுக்குப் போதும்.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் அடங்கும். 2021 கடைசியில் தொடங்கிய அதன் பயணம், 2023-இல் வந்த 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. அடுத்த தலைமுறைக்கு 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 என்று புதிய சாக்கெட் வந்துவிட்டது. ஐ5-12400எஃப் நல்ல தேர்வுதான், 5600-க்குச் சமமாகவே நிற்கும். பணம் மிகவும் இறுகினால் ஐ3-12100எஃப்கூட வாலரண்டுக்கும் ஜிடிஏ 5-க்கும் தாராளமாகப் போதும், 4 கோர் என்பதால் சைபர்பங்க் போன்றவற்றில் தடுமாறும். 12400எஃப்-க்குப் பி760 அவசியமில்லை. எச்610 போர்டு அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். ஆனால் எச்610-இல் இரண்டே ரேம் ஸ்லாட், பல மாடல்களில் ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் இருக்கும், பிராசசர் முறைப்படி ஏற்கும் வேகத்துக்கு மேல் (12400எஃப்-இல் டிடிஆர்4 என்றால் 3200) ரேமை ஓட்ட முடியாது. அதோடு இந்தச் சாக்கெட்டில் ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியின் மேல் கடைசியில் இருக்கும் எழுத்துவரை படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, வெட்டுக்குறி இருக்கும் இடமே வேறு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் தானாகப் பழுதாவதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது உண்மைதான். வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறியதால் அந்தத் தலைமுறைகளின் உயர்ரகப் பிராசசர்களில் சேதம் நேர்ந்தது. 2024-இல் இன்டெல் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. 12-ஆம் தலைமுறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எனவே 12400எஃப்-ஐ அந்தப் பயத்தால் ஒதுக்க வேண்டாம்.

மூன்றாவது வழியான ஏஎம்5, 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையாவது அந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பிராசசரை மட்டும் மாற்றும் அப்கிரேடு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் இதுதான் வழி. சாதாரண ஏ620 அல்லது பி650 போர்டு, ரைசன் 5 7500எஃப், 16 ஜிபி டிடிஆர்5 என்று போகலாம். ஆனால் டிடிஆர்5 மட்டுமே ஏறும் என்பதால் ரேம் விலை இங்கே முழுக் கணக்கையும் புரட்டிவிடும். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. டிடிஆர்4-ம் தப்பவில்லை. நான் சொல்லும் இன்றைய விலை அடுத்த வாரம் பொய்யாகிவிடலாம் என்பதால் ரூபாய்க் கணக்கை எழுதாமல் ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். மூன்று வழிகளுக்கும் போர்டு, பிராசசர், 16 ஜிபி ரேம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையை ஒரே நாளில் ஒரே கடையில் விசாரியுங்கள். ஏஎம்5 கூட்டுத்தொகை மற்றவற்றைவிட ஐந்தாயிரத்துக்குள் கூடுதலாக இருந்தால் அதையே எடுங்கள். அதற்கு மேல் போனால் 5600-ம் பி550எம்-ம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள். இந்த ஐயாயிரம் என் அனுபவக் கணக்குதான், இன்னொருவர் எட்டாயிரம் என்று சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் போர்டில் மூன்று விஷயங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிராசசர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் மின்சாரப் பகுதியின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்கிறதா? 65 வாட் பிராசசருக்கு அது இல்லாமலும் ஓடும், ஆனால் ஏப்ரல் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் மணிக்கணக்காக ஆடுகிறவருக்கு இருப்பது நல்லது. கேபினெட் முன்பக்க யுஎஸ்பிக்கான இணைப்பு போர்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் துளை வெறும் அலங்காரமாகிவிடும். மூன்றாவது பயாஸ், என்னைக் கஷ்டப்படுத்திய விஷயம் இது. சில வருடம் முன்பு ஒரு மாணவருக்காக வாங்கிய ஏஎம்4 போர்டு கடை அலமாரியில் வெகுநாள் கிடந்தது. உள்ளே இருந்த பயாஸ் பழையது, 5600-ஐ அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. பழைய ரைசன் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டுப் பயாஸை ஏற்ற மூன்று நாள் ஆனது. பிராசசரே இல்லாமல் பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் வசதி சில போர்டுகளில் உண்டு, பின்பக்கத்தில் அதற்கென ஒரு சிறு பொத்தான் இருக்கும். அது இருந்தால் நல்லது. இல்லையென்றால் கடையிலேயே பிராசசரைப் போட்டுத் திரையில் படம் வருவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே இதற்கு ஒதுக்குங்கள். பட்டியலில் இருக்கும் 4 ஜிபி 6500 எக்ஸ்டியை நான் எடுக்க மாட்டேன். 4 ஜிபி நினைவகம் புதிய விளையாட்டுகளுக்குப் பற்றாது என்பது ஒன்று. அந்தக் கார்டு போர்டோடு பேசுவது வெறும் நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் என்பது இன்னொன்று. 4.0 போர்டில் அது ஓரளவு சமாளிக்கும். ஏ520 போர்டிலோ, 5500 பிராசசரோடோ போட்டால் பாதை 3.0 ஆகி, அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பும்போதெல்லாம் விளையாட்டு விக்கி விக்கி நிற்கும். மேலே சிப்செட்டைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். வீடியோ பதிவு செய்யும் பகுதியும் அந்தக் கார்டில் கிடையாது, ஆடுவதை யூடியூபில் போட நினைத்தால் அதுவும் சிக்கல்.

உங்கள் தொகைக்கு நான் முதலில் தேடுவது 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600. 132 வாட் மட்டுமே இழுக்கும், எட்டுப் பாதை உண்டு, 1080பி-யில் சைபர்பங்கை ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் முறை) இல்லாமல் நல்ல அமைப்பில் ஓட்டும். பணம் கூடினால் ஆர்டிஎக்ஸ் 4060, அதுவும் 8 ஜிபிதான், 115 வாட். ஆர்டிஎக்ஸ் 3050 என்று கடையில் நீட்டினால் எந்த 3050 என்று கேளுங்கள். 2022-இல் வந்த 8 ஜிபி கார்டு ஒன்று, 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டு இன்னொன்று. இரண்டாவதில் கோர்களும் குறைவு. தனி மின் இணைப்பு இல்லாமல் 70 வாட்டில் ஓடும் என்பதுதான் அதன் ஒரே நன்மை, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபி கொடுக்கிறது, காகிதத்தில் கவர்ச்சியாக இருக்கும். அதற்குப் பயாஸில் ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகுவது) கட்டாயம் வேண்டும். அதோடு 5600 போன்ற நடுத்தரப் பிராசசரோடு சேர்த்தால் சில விளையாட்டுகளில் எதிர்பார்த்த வேகம் வராது. முதல்முறை பொருத்துகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8 ஜிபி இன்னும் எத்தனை வருடம் போதும் என்பது விளையாட்டு தயாரிப்பவர்களின் கையில் இருக்கிறது. 1080பி-யில், அமைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால், மூன்று நான்கு வருடம் கவலையில்லை என்பது என் ஊகம்.

இப்போதைக்குக் கார்டுக்குக் காசு எட்டவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ரைசன் 5 5600ஜி பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. வாலரண்ட் அதில் நன்றாகவே ஓடும், ஆறு மாதம் கழித்துக் கார்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கேஷ் பாதி என்பதாலும் பாதை 3.0 என்பதாலும், கார்டு வந்த பிறகு சாதாரண 5600-ஐவிடச் சற்றுப் பின்தங்கும். பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் பிராசசரிலும், சாதாரண 5600-இலும் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றை வாங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது.

ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஒரே ஸ்டிக் போட்டால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே ஒரு வழி மட்டும் திறந்திருக்கும், இரண்டு போட்டால் இரு வழியும் திறக்கும். வாலரண்ட் போலப் பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், 5600ஜி வாங்கினாலோ இது உயிர்நாடி. டிடிஆர்4 என்றால் 3200 வேகம் போதும். எஸ்எஸ்டியில் வேகத்தைவிட அளவைப் பாருங்கள். பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபி பிடிக்கும் காலத்தில் 512 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். நொடிக்கு 3,500 எம்பி வேகமுள்ள எஸ்எஸ்டிக்கும் 7,000 எம்பி எஸ்எஸ்டிக்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் சில நொடிகூட வித்தியாசம் வராது. வேகம் குறைந்த 1 டிபிதான் உங்களுக்கு லாபம்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் ஒன்று வெடித்து, போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோனதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். நானே பொருத்திக் கொடுத்த பெட்டி அது. "இப்போதைக்கு இது போதும்" என்று வாடிக்கையாளர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தேன். அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிக்காமல் எந்தப் பெட்டியும் பொருத்துவதில்லை. நீங்களும் படிக்கலாம், எளிதுதான். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட், 450 வாட் என்று சொல்வது நியாயம். பெரிய எழுத்தில் 450 என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 192 வாட்தான், ஏனென்றால் அவை இரண்டும் இழுப்பது 12 வோல்ட்டில். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. அது பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் இல்லை. ஆனாலும் அந்தச் சோதனையில் தேறும் அளவுக்குச் செய்திருக்கிறார்கள் என்பதே போலிகளை வடிகட்டிவிடும். 5600-ம் ஆர்எக்ஸ் 6600-ம் சேர்ந்து ஆடும்போது 250 வாட்டுக்குள்தான் இழுக்கும், 450 வாட் போதும். இருந்தாலும் அடுத்த கார்டை நினைத்து, ஐந்து வருட வாரண்டியுள்ள, 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரையுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். கண்ணாடி கேபினெட்டை விட்டுவிட்டு முன்பக்கம் வலை உள்ள சாதாரண கேபினெட்டை எடுத்தால் அதற்கான காசு கிடைத்துவிடும், காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

அப்புறம் வீட்டு எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று மாதத்துக்கு ஒருவராவது வருவார். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதாக நினைப்பார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து ஒரு சிறு கசிவு எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கட்டையை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வேண்டும். அது ஏறக்குறைய 360 வாட் தரும், சில நிமிடம்தான் தாங்கும், ஒழுங்காக நிறுத்துவதற்கு அது போதும்.

"ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கார்டு, 25,000 ரூபாய்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் மாறினால், அந்த ஐ7 எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் 2012-ஐச் சேர்ந்த ஐ7-3770 ஆக இருக்கும். அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பிராசசரை, புதிதாகச் செய்த பெயர் தெரியாத போர்டில் மாட்டியிருப்பார்கள். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும், அந்தப் போர்டில் பெரும்பாலும் அவை கிடையாது. விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏற்றினாலும் நீங்கள் தினமும் ஆடும் விளையாட்டே ஓடாது. பழைய கார்டு வாங்குவது வேறு விஷயம், அதில் லாபம் உண்டு. கிரிப்டோ சுரங்கத்தில் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவையில்லாத முறைக்கு மாறிய பிறகு, சந்தைக்கு ஏராளமாக வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. உங்கள் கண்ணெதிரே இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாதம் உழைக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறைதான் பணம் கிடைக்கும் உங்கள் நிலையில் நான் வாரண்டியுள்ள புதுக் கார்டைத்தான் எடுப்பேன்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். "பில் இல்லாமல் ஆயிரம் குறைவு" என்பதை ஏற்காதீர்கள். போர்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி உண்டு, பில் இல்லையென்றால் அது போய்விடும். பிராசசர் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது ட்ரே பிராசசராக இருக்கலாம். பெட்டியும் கூலரும் வராது, வாரண்டியும் கம்பெனியுடையதாக இல்லாமல் கடைக்காரருடையதாக இருக்கும்.

பொருத்துவது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை, நிதானமாகச் செய்தால் மூன்று மணி நேரம். போர்டைக் கேபினெட்டில் வைப்பதற்கு முன்பே, அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ரேம், கார்டு மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேமைப் போடுங்கள். ஏஎம்5 எடுத்திருந்தால் முதல்முறை திரை வரச் சில நிமிடம் ஆகும், ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பதற்றத்தில் அணைத்துவிடாதீர்கள். ஏஎம்4-இல் கூலரைக் கழற்ற நேர்ந்தால் நேராக இழுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கூலரை இடவலமாகத் திருப்பி எடுங்கள். இல்லையென்றால் கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே வந்து, அதன் பின்கள் வளைந்துவிடும்.

எல்லாம் ஓடிய பிறகு மூன்று வேலை பாக்கி. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்றிருப்பதை ஆன் செய்யுங்கள், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைப்பது அதுதான். இல்லையென்றால் 3200 ரேம் பல சமயம் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிளைப் போர்டின் பின்னால் இருக்கும் துளையில் சொருகாமல், கீழே கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் சொருகுங்கள். "புதுக் கார்டு வேலை செய்யவில்லை" என்று வந்த பெட்டிகளில் எத்தனையோ இந்த ஒரு கேபிளை மாற்றியதும் சரியாயின. விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் ஹெர்ட்ஸ் 60 என்று நின்றிருந்தால் 75-க்கு மாற்றுங்கள்.